மூலிகையறிவும் உயிரியல் மாதிரிகளும்: தவறான பயன்பாட்டைத் தடுக்கும் பன்னாட்டு ஏற்பாடுகள்

கொல்லிமலைப் பகுதி நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

சுருக்கம்

• உங்கள் ஊரின் மூலிகை, அதைப் பற்றிய மரபறிவு, உங்கள் உடலிலிருந்து எடுக்கப்படும் இரத்தம் போன்ற மாதிரிகள் ஆகியவற்றை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பெற விரும்புவோர் உரிய அனுமதியும் ஒப்புதலும் பெற வேண்டும்.
• இதற்கு இந்தியச் சட்டங்களும் வழிகாட்டுதல்களும் பன்னாட்டு உடன்படிக்கைகளும் துணை நிற்கின்றன.
• கேள்வி கேட்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுப்பதால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.
• ஒரு மூலிகையறிவு சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது என்பது, அந்த மூலிகை எல்லோருக்கும் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது.

இது ஏன் உங்களுக்குரிய செய்தி?

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்தது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்லும் ஒவ்வொருவரும் சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கைக் கண்டிருப்பர். பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு நிற மயிர் மூடிய தோற்றத்தால் ஆட்டுக்காலை நினைவூட்டும். மேல்தோலைச் சீவி நீக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்துச் சாறு வைத்து, மூட்டுவலிக்கு அருந்துவது இம்மலை மக்களின் வழக்கம்.

இக்கிழங்கு எங்கே விளையும், எதனுடன் சேர்க்க வேண்டும், எந்நோய்க்கு ஆகும் என்பதை இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் காத்து வந்துள்ளனர். இவ்வாறான அறிவு ஆய்வுக்கும் மருந்துத் தொழிலுக்கும் மதிப்புமிக்கது. ஆகவே மூலிகை கேட்டும், அதன் பயன் கேட்டும், சில வேளைகளில் நோயாளிகளின் இரத்த மாதிரி கேட்டும் வெளியார் வருவது இயல்பு. அவர்களுள் பெரும்பாலோர் நல்ல நோக்கம் உடையவர்களே. எனினும், கொடுப்பவர் அறியாமலும் ஒப்பாமலும் பெறுவதும், பெற்றதைத் தமக்கே உரியதென்று காப்புரிமை கோருவதும் உயிரியல் அறிவின் தவறான பயன்பாடு ஆகும். இது 'உயிரியல் கொள்ளை' என்று வழங்கப்படுகிறது.

ஒரு நாடு தன் எல்லைக்குள் சட்டம் இயற்றலாம். ஆனால் காப்புரிமை கடல் கடந்த நாட்டில் வழங்கப்படக் கூடும். ஆகையால் இதை நாடுகளின் கூட்டு முயற்சியால் மட்டுமே தடுக்க இயலும்.

மஞ்சளும் வேம்பும் கற்பித்த பாடம்

காயத்துக்கு மஞ்சள் பூசுவது நம் வீடுகளில் யாவரும் அறிந்தது. 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவ மையத்துக்கு அந்நாட்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்தது. இந்தியாவில் எல்லோரும் செய்வதுதான் என்று சொல்வது மட்டும் போதுமானதாக இல்லை. வெளிநாட்டில் வழக்கில் இருக்கும் ஒரு பயன்பாட்டை முன்னரே அறியப்பட்டதாக ஏற்க, அன்றைய அமெரிக்கச் சட்டம் அச்சிட்ட ஆவணத்தைக் கேட்டது. குழுமம் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரையையும் உள்ளிட்ட சான்றுகளைத் தாக்கல் செய்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

வேப்ப எண்ணெயைக் கொண்டு பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை அளித்தது. அதற்கு எதிரான வழக்கில் 2000ஆம் ஆண்டில் உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் மாதம் தள்ளுபடி ஆனது. வழக்கு முடிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின.

இவ்விரு நிகழ்வுகளிலும் நூல்களும் ஆவணங்களும் கைகொடுத்தன. கொல்லிமலைப் பெரியவர் ஒருவரின் நினைவில் மட்டுமே வாழும் மருந்துமுறைக்கு அத்தகைய அச்சுச் சான்று இல்லை. எழுதப்படாத அறிவே எளிதில் களவு போகிறது. அதை அறிந்த பெரியவர் மறைந்தால் அழிந்தும் போகிறது.

நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடுகள்

உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை: 1992இல் ரியோ டி ஜெனிரோ நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1994இல் ஏற்புறுதி அளித்தது. ஒரு நாட்டின் உயிரியல் வளங்கள்மீது அந்நாட்டுக்கே இறையாண்மை உண்டு என்பதையும், அவற்றால் வரும் நன்மை நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்பதையும் இது உறுதி செய்தது.

நகோயா நெறிமுறை: 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் ஏற்கப்பட்டது. 2012இல் இந்தியா ஏற்புறுதி அளித்தது; 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. வளத்தையும் மரபறிவையும் பெறுவதற்கு முன்பே, விவரம் அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதும், இரு தரப்பும் ஒப்பிய நிபந்தனைகளின்படி நன்மையைப் பகிர வேண்டும் என்பதும் இதன் அடிப்படை. அவ்வாறு முறைப்படி பெற்றதற்குப் பன்னாட்டு அளவில் ஏற்கப்படும் இணக்கச் சான்றிதழ் உண்டு. அதன் முதல் சான்றிதழ் 2015இல் இந்தியாவிலிருந்து வெளியானது. குஜராத்தின் சித்தி சமூகத்தினரின் மருத்துவ அறிவைப் பற்றி ஆய்வு செய்ய, பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளருக்கு அளித்த அனுமதி தொடர்பானது அது.

மரபறிவு மின்னூலகம்: மஞ்சள் வழக்குக்குப் பின் 2001இல் இந்தியா தொடங்கியது. சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி, யோகா ஆகியவற்றின் நூல்களில் உள்ள முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய 5 மொழிகளில் தரப்பட்டுள்ளன. தமிழ்ச் சித்த நூல்களும் இதற்கு மூலங்கள். அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலகங்களின் ஆய்வர்கள், விண்ணப்பத்தில் உள்ளது உண்மையிலேயே புதியதா என்பதை இதில் தேடி அறிகின்றனர். 2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துடன் இதற்கான உடன்பாடு ஏற்பட்டது. நூலில் ஏறிய அறிவுக்கே இந்த மின்னூலகம் காவல் என்பதை நினைவில் கொள்ளவும்.

காப்புரிமையில் மூலத்தை வெளிப்படுத்தும் உடன்படிக்கை: உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2024 மே 24 அன்று ஜெனிவாவில் ஒரு புதிய உடன்படிக்கையை ஏற்றன. மரபணு வளத்தையோ அதனுடன் இணைந்த மரபறிவையோ அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கோருவோர், அது எந்த நாட்டிலிருந்து அல்லது எந்தப் பழங்குடி, உள்ளூர்ச் சமூகத்திடமிருந்து வந்தது என்பதை விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும் என்பது இதன் சாரம். 15 தரப்பினர் ஏற்புறுதி அளித்த பின் நடைமுறைக்கு வரும் வகையில் இது அமைக்கப்பட்டுள்ளது.

இந்தியச் சட்டம் உங்களுக்கு அளிக்கும் பாதுகாப்பு

பன்னாட்டு உடன்படிக்கையை ஊரளவில் செயற்படுத்துவது உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002. இச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. இதன்கீழ் மூன்று அடுக்குகள் உள்ளன.

• தேசியப் பல்லுயிர் ஆணையம்: 2003இல் அமைந்தது. தலைமையகம் சென்னையில் உள்ளது. வெளிநாட்டவரும் வெளிநாட்டு நிறுவனங்களும் நம் உயிரியல் வளத்தையோ அதைச் சார்ந்த அறிவையோ ஆய்வுக்கும் வணிகத்துக்கும் பெற இதன் முன் அனுமதி தேவை.
• தமிழ்நாடு பல்லுயிர் வாரியம்: மாநில அளவில் வளங்களின் வணிகப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துகிறது.
• பல்லுயிர் மேலாண்மைக் குழு: உள்ளாட்சி அமைப்புதோறும் அமைக்கப்படுவது. ஊரின் செடிகொடிகள், விதைகள், அவற்றின் பயன்கள் ஆகியவற்றை 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்னும் ஆவணத்தில் பதிகிறது.

மேலும், வன உரிமைச் சட்டம், 2006, பழங்குடியினருக்கும் காட்டைச் சார்ந்து மரபாக வாழ்வோருக்கும் சிறு வனப்பொருள்கள்மீது உரிமை அளிப்பதுடன், பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவின்மீது சமூக உரிமையையும் ஏற்கிறது.

நன்மைப் பகிர்வு நடைமுறையில் எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் அனுபவம் இதற்கு எடுத்துக்காட்டு. 1987இல் ஆய்வாளர்களுடன் வழிகாட்டிகளாகச் சென்ற காணி மக்கள், களைப்புத் தீர ஒரு செடியின் காயை உண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் கொண்டு, கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய்; விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவற்றில் பாதியைக் காணி மக்களுக்கு வழங்க நிறுவனம் முன்வந்தது. அதைப் பெற 1997இல் அம்மக்களின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம் வருவதற்கு முன்பே நடந்தது இது. ஆயினும், செடியைக் காட்டிலிருந்து திரட்டுவதிலும் பயிரிடுவதிலும் பின்னர்ச் சிக்கல்கள் எழுந்தன. பணம் எவ்வளவு என்பதோடு, செடியை யார் வளர்ப்பது, யார் எடுப்பது, சமூகத்தின் சார்பில் யார் பேசுவது என்பனவற்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

உங்கள் உடல் மாதிரிகள்

இரத்தம், சளி, திசு, மரபணு ஆகியவற்றை உங்கள் நோயைக் கண்டறிய எடுப்பது ஒன்று; ஆய்வுக்காக எடுப்பது வேறு. ஆய்வுக்கு எடுப்பதானால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெற்ற உங்கள் ஒப்புதலும் தேவை. ஒப்புதல் தந்த பின்னும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

நோய்க்கிருமி மாதிரிகளிலும் இதே நியாயம் எழுந்ததுண்டு. பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில், தன் நோயாளிகளிடமிருந்து பெற்ற வைரசைக் கொண்டு அயல்நாட்டில் தயாராகும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படும் என்ற கவலையால், 2007இல் இந்தோனேசியா மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தியது. மாதிரி வராவிட்டால் உலகம் முழுவதும் தடுப்பூசி தயாரிப்பு பின்தங்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின்கீழ் பெருந்தொற்று இன்ஃபுளுயன்சா ஆயத்தக் கட்டமைப்பு உருவானது. நாடுகள் மாதிரிகளைப் பகிர்கின்றன. தடுப்பூசி, மருந்து, நிதி ஆகியவற்றில் ஒரு பங்கை நிறுவனங்கள் அளிக்கின்றன.

நோய்க்கிருமிகளை ஆயுதமாக்குவது உயிரியல் அறிவின் மிகக் கொடிய தவறான பயன்பாடு. அதை அடியோடு தடை செய்யும் உயிரியல் ஆயுதங்கள் உடன்படிக்கை 1972இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1975 மார்ச் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா அதில் உறுப்பு நாடு. ஆபத்தான கிருமிகளும் அவற்றுக்கான கருவிகளும் தவறான கைகளுக்குச் செல்லாதவாறு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஆஸ்திரேலியா குழுவிலும் இந்தியா 2018இல் இணைந்தது. மாதிரிகளை உரிய அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலிகையோ மாதிரியோ கேட்டு வருவோரிடம் கேட்க வேண்டியவை

1. நீங்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்? அடையாள ஆவணம் உண்டா?
2. இது ஆய்வுக்கா, வணிகத்துக்கா? பின்னர் காப்புரிமை கோரும் எண்ணம் உண்டா?
3. பல்லுயிர் ஆணையத்தின் அல்லது வாரியத்தின் அனுமதி தேவையா? தேவையெனில் அதன் நகல் எங்கே?
4. எங்கள் ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குத் தெரிவித்தீர்களா?
5. இரத்தம் அல்லது திசு எனில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? மாதிரி எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்? வெளிநாட்டுக்குச் செல்லுமா?
6. நன்மை வந்தால் சமூகத்துக்கு என்ன பங்கு?
7. ஆய்வின் முடிவை எங்களுக்குத் தமிழில் தெரிவிப்பீர்களா?

எழுதப்படாத தாளிலோ, உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள தாளிலோ கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள். ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். நோயாளி மிகவும் தளர்ந்த நிலையில் இருந்தால், அவர் சார்பில் அவசரப்பட்டு இசைவு தெரிவிக்காதீர்கள், காலம் கேளுங்கள்.

பாதுகாக்கப்பட்ட அறிவு, பாதுகாப்பான மருந்து: இரண்டும் ஒன்றல்ல

ஒரு மருந்துமுறை பழமையானது என்று நிறுவப்பட்டால் அதற்குப் புதிதாகக் காப்புரிமை பெற இயலாது. அம்மருந்து நோயைத் தீர்க்கும், தீங்கு செய்யாது என்பதற்கு அது சான்று ஆகாது. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் மரபு மருத்துவத்தில் பெயர்பெற்றவை. ஆனால் அவை சார்ந்த தாவரப் பேரினத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்டுள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய எடுத்துக்கொண்ட மூலிகைக் கலவையில் ஒரு செடிக்குப் பதிலாக இப்பேரினச் செடி கலந்ததால், பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து துன்புற்றனர்.

ஆகவே பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

• சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், காசநோய் முதலியவற்றுக்கு மருத்துவர் தந்த மாத்திரைகளை மூலிகைக்காக நிறுத்தாதீர்கள்.
• உட்கொள்ளும் மூலிகைகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுநீரக, கல்லீரல் நோயாளிகள் கேட்காமல் எதையும் உட்கொள்ளலாகாது.
• உள்ளடக்கம் எழுதப்படாத மூட்டுவலிப் பொடிகளை வாங்காதீர்கள். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலக்கப்படுவதுண்டு. ஏற்கெனவே நீண்ட நாள் உட்கொண்டிருந்தால், திடீரென நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் காணுங்கள்.
• முகம் வீங்குதல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளித்தல், தொடர் வாந்தி ஆகியவை தோன்றினால், உட்கொண்ட மூலிகையின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கேள்வி பதில்

கொல்லிமலையில் கிழங்கு வாங்கி வீட்டில் பயன்படுத்துவது குற்றமா?
இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்குக் கடையில் வாங்குவதை உயிரியல் பல்வகைமைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் காட்டில் நீங்களே தோண்டி எடுப்பது வனச் சட்டங்களுக்கு உட்பட்டது. அளவின்றி எடுத்தால் செடியே அருகிவிடும்.

எங்கள் ஊர் வைத்தியர் மூலிகை எடுக்க இச்சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டுமா?
உள்ளூர் மக்களுக்கும் மரபு வைத்தியர்களுக்கும் இச்சட்டம் விலக்கு அளிக்கிறது. மருத்துவத் தொழில் செய்வதற்கான பதிவு வேறு சட்டத்தைச் சார்ந்தது.

பெரியவர்களின் மருந்துமுறையைப் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் இடலாமா?
முதலில் அவர்களின் ஒப்புதலைப் பெறுங்கள். வெளியிட்ட செய்தி, பிறர் பின்னர்க் காப்புரிமை கோருவதைத் தடுக்க உதவக்கூடும். அதே நேரத்தில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பயன்படுத்தவும் வழி திறக்கும். வெளியிட்டதைத் திரும்பப் பெற இயலாது. எனவே ஊர்ப் பதிவேட்டில் பதிவு செய்வதைப் பற்றிப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் முன்கூட்டிப் பேசுங்கள். வெளியிட விரும்பாத செய்தி இருந்தால், அதை அவ்வாறே குறித்து வைக்கக் கோருங்கள்.

ஆய்வில் சேர மறுத்தால் மருத்துவமனையில் கவனிப்பு குறையுமா?
குறையக் கூடாது. ஆய்வில் சேர்வது முற்றிலும் உங்கள் விருப்பம். சிகிச்சை பெறுவது அதனைச் சார்ந்ததன்று.

அனுமதியின்றி யாரேனும் எடுத்துச் சென்றதாக ஐயம் எழுந்தால்?
தேதி, இடம், கேட்ட பொருள், வந்தவர் கூறிய நிறுவனம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிலும் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கும் மனு அளிக்கலாம். வந்தவரைத் தடுத்து வைக்கவோ அவருடன் சண்டையிடவோ வேண்டாம்.

உதவிக்கு

மூலிகை, மருந்து குறித்த ஐயங்களுக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு சித்த மருத்துவப் பிரிவையோ அணுகுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

இப்பக்கம் பொதுவான தகவலுக்கானது. உங்கள் நோய்க்கான சிகிச்சையை மருத்துவரின் நேரடி ஆலோசனையின் பேரிலேயே முடிவு செய்யுங்கள்.